மறு: கால்சியம் சேனல் பிளாக்கர் - தமிழ்ல என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு!)

எல்லாருக்கும் வணக்கம். நாப்பது மடல் தாண்டிருச்சு, கால்சியம் சேனல் பிளாக்கர்ங்கற பிரஷர் மாத்திரை வகைக்குத் தமிழ்ப்பேர் இன்னும் முடிவாகல, அந்த மாத்திரை பத்தின துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாகணும், அதான் கேள்வி கேட்ட நானே திரும்ப எழுதுறேன்.

> 'சுண்ணத் தடத் தடுப்பி'. முழுத்தமிழ், இதுக்கு மேல என்ன வேணும்?

ஐயா, சொல் அழகாத்தான் இருக்கு. நேத்து மருந்து குடுக்கற ஜன்னல்ல இந்த வகை மாத்திரையான அம்லோடிபின் 5 மில்லிகிராம் வாங்க வந்த ஒரு அப்பத்தாகிட்ட சொல்லிப் பாத்தேன். "அப்ப இந்தச் சுண்ணாம்புதான் பிரஷர ஏத்துதா"ன்னு கேட்டுட்டு வெத்தலைல தடவினத விரலால வழிச்சுப் போட்டாங்க, பொயிலைய மட்டும் அதக்கிக்கிட்டாங்க. விடவேண்டியது பொயிலைங்க ஐயா! கால்சியம் கால்சியமாவே இருக்கட்டும். வடசொல்லத் தமிழ் எழுத்துல எடுத்துக்கன்னு தொல்காப்பியரே வழி விட்டிருக்காரு, லத்தீனுக்கு மட்டும் ஏன் கதவ மூடணும்?

> 'கால்சியம் வாய்க்கால் அடைப்பான்'

அடைப்பு வேணவே வேணாம். மாரடைப்பு, ரத்தக்குழாய் அடைப்பு, இந்த ரெண்டுக்குப் பயந்துதான் அவங்க மாத்திரையே முழுங்குறாங்க. டாக்டர் அக்கா சொன்னமாதிரி இது குழாய அடைக்கறதே இல்ல, குழாய்ச் சுவர்ல இருக்கற தசைக்குள்ள கால்சியம் நுழைஞ்சாத்தான் தசை இறுகும், நுழையற வாசல்ல (அதான் சேனல்) மருந்து மறிச்சுக்கிட்டா தசை தளர்ந்து குழாய் விரியுது, பிரஷர் இறங்குது. கால்சியம் இருக்குன்னு பயந்து கேப்பைக்கூழையும் பாலையும் நிறுத்தவேண்டியதில்லைன்னு தனியா ஒரு வரி போடணும், நிறுத்துனவங்கள நானே பாத்திருக்கேன்.

வாய்க்கால் முந்தியா கால்வாய் முந்தியான்னு ஓடுன பதினோரு மடலையும் படிச்சேன், புதுக்கோட்டை அண்ணன் குமிழித் தூம்பு (ஏரித் தண்ணியத் திறந்துவிடற மதகு) பத்தி எழுதுனத எடுத்தும் வச்சுக்கிட்டேன், ஆனா தூம்புன்னா என் கூட வேலை செய்யறவங்களுக்கே தெரியல.

நான் கேக்கறது 'கால்சியம் மறிப்பி'. வயல்ல தண்ணிய மறிச்சு விடுன்னு சொல்றோம், ரோட்டுல மறியல் பண்றோம், யாருக்கும் விளக்க வேணாம். சேனல் எங்க போச்சுன்னு கேப்பீங்க. 1960கள்ல ஜெர்மனில ஃப்ரைபுர்க்ல ஃபிளெக்கென்ஸ்டைன்ங்கற ஆராய்ச்சியாளர் இந்த மருந்துகளுக்கு வச்ச பேரு கால்சியம் ஆன்டகனிஸ்ட் (கால்சியத்துக்கு எதிரி), அதுலயும் சேனல் கிடையாது.

- - -

மறு: மறு:

தங்கச்சி, மறிப்பி நல்ல சொல்லுதான். ஆனா நான் வகுப்புல சேனல அயனித் தடம்னு சொல்லித்தான் இதை நடத்துறேன், தடத்த எடுத்துட்டா இதே வகை மருந்தான வெரபமில் இதயத்துடிப்பையும் ஏன் குறைக்குதுன்னு பிள்ளைங்களுக்கு எதை வச்சு விளக்குறது? என் ஓட்டு 'கால்சியம் தடமறிப்பி'.

- - -

மறு: மறு: மறு:

நாங்கள் இங்கே இலங்கையில கல்சியம் என்றுதான் எழுதுறனாங்கள், இரத்த அழுத்தமும் எங்களுக்குக் குருதி அமுக்கம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில அமெரிக்க மிஷன் கிறீன் வைத்தியர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில தமிழில மருத்துவம் படிப்பிச்ச காலத்திலயிருந்து இந்தச் சண்டை நடக்குது. மறிப்பிக்கு நான் சம்மதம், 'கா'வுக்கு இல்லை.

- - -

மறு: மறு: மறு: மறு:

நன்றிங்க அண்ணா. இதுவரைக்கும் மறிப்பிக்கு ஆறு, தடமறிப்பிக்கு நாலு, சுண்ணத்துக்கு ஐயா ஒருத்தர். துண்டறிக்கைல மறிப்பி போடறேன், பாடநூலுக்கு சார் சொன்னது இருக்கட்டும். இந்த மாத்திரையால சிலருக்குக் கணுக்கால் வீங்கும்ல, அதுக்குன்னு போட்ட கடைசி வரிய மட்டும் யாராச்சும் பாத்துச் சொல்லுங்க: "கணுக்கால் வீங்குனா மாத்திரைய நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட வந்து காட்டுங்க." அக்கா, இதுல 'வீங்குனா' போதுமா, 'நீர் கோத்தா'ன்னு போடணுமா?