ஜியோகேச்சிங் – தமிழில் என்ன சொல்வது? (கலைச்சொல் விவாதம்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடைய குழுவினர்க்கு வணக்கம்.

மாணவர் இயற்கை மன்றம் ஒன்றிற்காகச் சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டில் புதிதாக இறங்குபவர்கள், அதிகம் செலவழிக்காமல் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே அதன் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றெல்லாம் முடிந்தும் மூன்று சொற்களில் நிற்கிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மூடியுள்ள கொள்கலம் ஒன்றில் பெயர் எழுதுவதற்கான ஏட்டை வைத்து, கண்ணில் படாதபடி எங்காவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் ஆயத்தொலைவுகளை (அகலாங்கு, நெட்டாங்கு எண்களை) இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் கருவியோடு தேடிச் சென்று, கண்டெடுத்து, ஏட்டில் பதிந்து, இருந்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் சிறு பொருளை எடுத்துக்கொள்பவர் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும்.

இந்த விளையாட்டு, அந்தக் கொள்கலம், இந்தக் கருவி ஆகிய மூன்றுக்கும் என் வரைவில் முறையே புதையல் வேட்டை, புதையல், மலிவுவிலைக் கையடக்கப் புவியிடங்காட்டி என்று எழுதியிருக்கிறேன். படிப்பவருக்கு உடனே புரிகிறது. ஆயினும் எனக்கு நிறைவில்லை. உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

களத்தில் தேடிப் பழகியவர் எழுதியது:

அம்மா, உங்கள் நிறைவின்மை சரியானதே. புதையல் என்ற சொல்லை மட்டும் அச்சில் ஏற்றிவிடாதீர்கள். புதைத்தது புதையல். இந்த விளையாட்டின் விதிகளோ மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்கின்றன. பெரும்பாலும் கல்லிடுக்கிலும், மரப்பொந்திலும், வேலிக் கம்பத்தின் அடியிலுமே கொள்கலம் இருக்கும். கையேட்டைப் படித்துவிட்டு ஒரு மாணவன் பூங்காவின் புல்தரையைக் கொத்தினால், பழி கையேட்டின் மேல்தான் விழும். வேட்டை என்பதும் வேண்டாம். நாம் எடுத்ததை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

மலிவுவிலை என்பதைக் கட்டுபடியாகும் விலை என்று மாற்றுங்கள். மலிவு என்றால் தரம் குறைந்தது என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். தொடக்கநிலையாளருக்குப் போதுமான நல்ல கருவி என்பதல்லவா நாம் சொல்ல வருவது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

குழுவினர்க்கு வணக்கம். இந்த மடலைக் கண்டதும் என் நினைவுக்கு வந்தது அகநானூற்றின் 265ஆம் பாட்டு. மகதத்தை ஆண்ட நந்தர்கள் தங்கள் தலைநகரான பாடலியில் திரட்டிக் கங்கையின் நீரடியில் மறைத்த செல்வத்தைப் புலவர் மாமூலனார் ‘நீர்முதல் கரந்த நிதியம்’ என்கிறார். ஒளித்து வைத்த பொருளுக்குத் தமிழில் இதனினும் பழைமையான, பொருத்தமான சான்றை நான் அறியேன். அவர் புதைத்த என்று சொல்லவில்லை, கரந்த என்றே சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

கரத்தல் என்பது மறைத்தல். காக்கை கரவா கரைந்துண்ணும் என்ற குறளில் மறைக்காமல் என்னும் பொருளில் அதுவே நிற்கிறது. ஒரு பாட்டுக்குள் எழுத்துகளால் இன்னொரு பாட்டை மறைத்துவைக்கும் சித்திரகவிக்குக் கரந்துறை பாட்டு என்று பெயர். தேடுபவன் கண்ணுக்கு மட்டும் புலப்படும்படி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஒன்றை மறைத்துவைப்பது என்ற இந்த விளையாட்டின் உயிர், அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆகவே கொள்கலத்தைக் கரந்துறை என்றும், விளையாட்டைக் கரந்துறை தேடல் என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன். கரந்து உறைவது கரந்துறை. வேறு ஒட்டு எதுவும் வேண்டியதில்லை.

கணினித் துறை நண்பர் எழுதியது:

ஐயா, கரந்துறை அழகிய சொல். ஆனால் அதைப் படிக்கும் பன்னிரண்டு வயது மாணவர் துறைமுகத்தையோ பள்ளிக்கல்வித் துறையையோதான் நினைப்பார். அடிக்குறிப்பு இல்லாமல் புரியாத சொல்லைக் கருவி வாங்கும் கையேட்டில் எப்படிப் பயன்படுத்துவது? கரவு என்று சுருக்கினாலும், இன்றைய எழுத்தில் அதற்கு வஞ்சகம் என்ற பொருளே முன்னிற்கிறது.

இந்த ஆங்கிலச் சொல்லின் வரலாற்றையும் பார்த்துவிடுவோம். ஜிபிஎஸ் அலைகளில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிய கருவிகள் சில மீட்டருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கின. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியில் சில பொருள்களை வைத்து மறைத்து, ஆயத்தொலைவுகளை இணையத்தில் இட்டார். அப்போது இதற்கு ஜிபிஎஸ் ஸ்டாஷ் வேட்டை என்று பெயர். ஸ்டாஷ் என்பது கள்ளப்பொருளைப் பதுக்குவதையும் குறிக்கும் என்பதால் சிலருக்கு அது உறுத்தியது. மே 30 அன்று மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேச்சிங் என்ற சொல்லை முன்வைத்தார். அவர் அதை முன்வைத்ததும் நம்முடையதைப் போன்ற ஒரு மடற்குழுவில்தான்! கேச் என்பது ஒளித்தல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வழிப்பயணிகள் உணவை மறைத்துவைத்த இடத்தையும் அது குறித்தது.

கணினியின் கேச் நினைவகத்தைச் சிலர் பதுக்ககம் என்கிறோம். அந்த வழியில் புவிப்பதுக்கல் என்று சொல்லலாமா என எண்ணினேன். அவர்கள் ஸ்டாஷைக் கைவிட்ட அதே காரணத்தால் நாமும் பதுக்கலைக் கைவிட வேண்டியிருக்கிறது. அரிசிப் பதுக்கல்தான் எவருக்கும் முதலில் தோன்றும். எஞ்சுவது ஜியோகேச்சிங் என்று அப்படியே எழுதுவது. உலகமெங்கும் தேடுபவர்கள் அச்சொல்லைத்தான் வழங்குகிறார்கள். மாணவர் இணையத்தில் தேடினாலும் அதுதான் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

பதுக்கலை நண்பர் அவ்வளவு விரைவாகக் கைவிட வேண்டியதில்லை. புறநானூற்றின் மூன்றாம் பாட்டில் ‘அம்புவிட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை’ என்று வருகிறது. பாலை வழியில் ஆறலை கள்வரின் அம்புக்கு இரையானவர்களின் உடலை மூடிய கற்குவியலே பதுக்கை. பதுக்கு என்னும் வினையோடு உறவுடைய பெயர் அது. களத்தில் தேடும் நண்பர் கல்லிடுக்கைப் பற்றி எழுதினார். கற்களை அடுக்கிக் கொள்கலத்தை மூடுவதும் பதுக்குதல்தானே? பதுங்கு, பதுக்கு, பதுக்கை என்ற வரிசையில் பது என்பதை வேராகக் கொண்டால், பதி, பதிவு ஆகியவையும் அதனோடு உறவுடையவை என்று நான் நெடுநாளாக எண்ணி வருகிறேன். இடத்தைப் பதிதல், ஏட்டில் பதிதல், பொருளைப் பதுக்குதல் என்று இந்த விளையாட்டின் மூன்று செயல்களும் ஒரே வேரில் அடங்குவதைக் காணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

ஜியோகேச்சிங் என்று எழுதுவதற்கு மட்டும் நான் உடன்படேன். திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தொல்காப்பியர் இடம் தந்தார் என்பது உண்மை. வடசொல் வடவெழுத்தை நீக்கி வரவேண்டும் என்றும் அவரே சொன்னார். ஜகரத்தை நீக்கினால் அந்தச் சொல்லில் என்ன மிஞ்சும்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, பொறுத்தருள வேண்டும். பிணத்தை மூடிய கற்குவியலின் பெயரை மாணவர் விளையாட்டுக்கு வைக்க என் மனம் ஒப்பவில்லை. வேரைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆயினும், மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா, அதாவது ஒரு சொல் அப்பொருளைப் பெற்ற காரணம் வெளிப்படையாகப் புலப்படாது என்று சொன்னவரும் தொல்காப்பியர்தானே?

இன்று செவ்வாய். கருவியின் பெயரையாவது முடித்துத் தாருங்கள். காட்டி என்பது பொருந்தாது, அது அலைகளை ஏற்கும் கருவிதான், எனவே புவியிட ஏற்பி என்றே சொல்ல வேண்டும் என்று ஓர் அறிவியல் ஆசிரியர் எனக்குத் தனிமடல் எழுதியிருக்கிறார்.

களத்தில் தேடிப் பழகியவர் எழுதியது:

அறிவியல் ஆசிரியர் சொல்வது உண்மைதான். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் அலைகளைக் கருவி ஏற்கிறது. குறைந்தது நான்கின் அலை கிடைத்தால் இடத்தைக் கணக்கிடுகிறது. தானாக எதையும் அனுப்புவதில்லை. ஆனால் ஏற்பது அதன் உள்வேலை. வாங்குபவருக்கு அது இடத்தைக் காட்டும் கருவி. கடிகாரத்தை நாம் பல்சக்கரத்தின் பெயரால் அழைப்பதில்லை. ஜிபிஎஸ் கருவி என்பதைவிடவும் புவியிடங்காட்டி பொருத்தமானது. ஜிபிஎஸ் என்பது ஓர் அமைப்பின் பெயர் மட்டுமே. இன்றைய கைக்கருவிகள் பலவும் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ போன்ற அமைப்புகளின் அலைகளையும் ஏற்கின்றன. இங்கே தமிழ்ச்சொல்தான் அகலமாக நிற்கிறது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. வரைவின் ஏழாம் பக்கத்தில் ‘எல்லாக் கருவிகளும் திசைகாட்டும்’ என்று இருக்கிறது. இதைத் திருத்தியே ஆக வேண்டும். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் மின்திசைகாட்டி கிடையாது. கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் என்ற கருவியில் அது இல்லை. அதன் உடன்பிறப்பான 32எக்ஸில் மின்திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உண்டு. மின்திசைகாட்டி இல்லாத கருவியின் அம்புக்குறி, நாம் நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே சரியான திசையைக் காட்டும்; நின்றால் அதை நம்ப முடியாது. முதல்முறை தேடுபவர் கொள்கலத்துக்குப் பத்தடி முன்னால் நின்றுகொண்டு, அம்பு சுழல்வதைப் பார்த்துக் கருவி பழுதென்று முடிவுகட்டிவிடுவார். நானே முதல் நாளில் அப்படித்தான் ஏமாந்து வீடு திரும்பினேன். ஆகவே திசைகாட்டி, இடங்காட்டி ஆகிய இரண்டும் கையேட்டில் தனித்தனிச் சொற்களாக, ஒன்றோடொன்று கலவாமல் இருக்க வேண்டும். திசைகாட்டி இல்லாததை வாங்குவதில் தவறில்லை. நடந்துகொண்டே பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

துல்லியம் என்ற சொல்லும் இரண்டு வேலை செய்கிறது. ஆயத்தொலைவுகளைப் பாகை, கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு), கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதுகிறோம். அகலாங்கில் அந்த ஒரு பங்கு ஏறத்தாழ 1.85 மீட்டர். இது எண்ணின் நுண்மை. கருவியின் பிழையோ திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் இருக்கும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே இன்னும் கூடும். இது கருவியின் துல்லியம். திரையில் மூன்று தசம இலக்கம் தெரிவதால் கருவி துல்லியமானது என்று எவரும் எண்ணிவிடாதபடி நுண்மை, துல்லியம் என்று பிரித்து எழுதுங்கள்.

பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியது:

இதுவரை படிக்க மட்டும் செய்துவந்தேன். நேற்று என் ஏழாம் வகுப்பில் விளையாட்டை விளக்காமல் பெயர்களை மட்டும் கரும்பலகையில் எழுதி, இதற்குப் போவதானால் என்ன கொண்டுபோவீர்கள், வரைந்து காட்டுங்கள் என்றேன். புதையல் வேட்டைக்குப் பாதிப் பேர் மண்வெட்டி வரைந்தார்கள். கரந்துறைக்குப் பலர் எதையும் வரையவில்லை. இருவர் படகு வரைந்தார்கள். நானாக எழுதிய தேடுபேழை என்ற சொல்லுக்குப் பூதக்கண்ணாடி, கைவிளக்கு, வரைபடம் ஆகியவை வந்தன. மறைத்தவரின் செயலைப் பெயராக்காமல் தேடுபவரின் செயலைப் பெயராக்கினால், கள்ளம், பதுக்கல், புதைத்தல் ஆகிய மூன்றும் விலகிவிடுகின்றன. விளையாட்டைப் பேழைத்தேடல் என்று சொல்லலாம்.

கணினித் துறை நண்பர் எழுதியது:

தேடுபேழைக்கு என் ஒப்புதல். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ஜியோகேச்சிங் என்ற ஒலிபெயர்ப்பையும் உடன் தாருங்கள். புவி என்ற முன்னொட்டை விட்டது நன்று. எல்லாப் பேழையும் புவியில்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தேடுபேழை நல்ல வினைத்தொகை. தேடிய பேழை, தேடுகின்ற பேழை, தேடும் பேழை என மூன்று காலமும் அதில் கரந்து நிற்கின்றன. ஊறுகாய், சுடுசோறு போல இங்கும் வல்லினம் மிகாது. தேடுப்பேழை என்று எவரும் அச்சிட்டுவிட வேண்டாம். பேழைத்தேடல் வேற்றுமைத்தொகை, அங்கே மிகும்.

ஆயினும் பேழை என்றால் பெரிய பெட்டி. விரல்நுனி அளவுக் கொள்கலமும் இந்த விளையாட்டில் உண்டு என்று படித்தேன். அதற்குச் சிமிழ் அல்லது செப்பு என்பதே முறை. செப்பின் புணர்ச்சிபோல் என்று வள்ளுவர் சொன்னது மூடி பொருந்திய இத்தகைய கலத்தைத்தான். அளவுக்கேற்பத் தேடுசிமிழ், தேடுசெப்பு, தேடுபேழை என்று மூன்று சொல் வேண்டும்.

களத்தில் தேடிப் பழகியவர் எழுதியது:

ஐயா, தேடிக் கண்டெடுக்கும்வரை அது சிமிழா பேழையா என்று பல நேரங்களில் தெரியாது. பொதுப்பெயர் ஒன்றே போதும். அளவுகளை விளக்கும் பக்கத்தில் மட்டும் மிகச் சிறியதைச் சிமிழ் என்று குறிக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவர்க்கும் நன்றி. வியாழன் இரவு இதை எழுதுகிறேன். தலைப்பு, ‘பேழைத்தேடலுக்குக் கட்டுபடியாகும் கையடக்கப் புவியிடங்காட்டி’ என்று அமைந்துவிட்டது. கொள்கலம் தேடுபேழை, மிகச் சிறியது சிமிழ். ஏழாம் பக்கத்தைத் திருத்திவிட்டேன். நடந்துகொண்டே அம்பைப் பார்க்க வேண்டும் என்ற வரி கட்டமிட்டு வருகிறது. நுண்மையும் துல்லியமும் பிரிந்துவிட்டன. ஜியோகேச்சிங் என்ற சொல் முன்னுரையில் ஒரே ஒருமுறை வருகிறது. புவியிடங்காட்டியா புவியிட ஏற்பியா என்பதில் அறிவியல் ஆசிரியர் இன்னும் இசையவில்லை. பெரும்பான்மையை ஒட்டிக் காட்டி என்றே விட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அச்சுக்குப் போகட்டும், தடை சொல்லமாட்டேன். மறுபதிப்பு வந்தால் கரந்துறையை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற என் வேண்டுகோளைப் பதிவுசெய்து வைக்கிறேன். ஏழாம் வகுப்பில் படகு வரைந்த அந்த இரண்டு மாணவர்களுக்கு அகநானூற்றுப் பாட்டின் அந்த ஓர் அடியை ஆசிரியை அவர்கள் சொல்லிக் கொடுத்தால் மகிழ்வேன். கங்கைக்குப் படகில்தான் போக வேண்டும். அவர்கள் வரைந்தது தவறில்லை.