'பிளடி' திட்டா, பாராட்டா?

கேள்வி:
மெல்பர்ன் வந்து மூன்று மாதம். டீம் லீட் வாயைத் திறந்தாலே பிளடிதான். நேற்று என் வேலையைப் பார்த்துவிட்டு "பிளடி பியூட்டி" என்றார், பழைய படங்களில் வில்லன் பிளடி ஃபூல் என்று கத்துவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு முகம் சுண்டிப்போனது. திட்டினாரா?

பதில் 1:
பாராட்டுதான் தம்பி. அங்கே அது உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் போடுவார்கள். 2006-ல் ஆஸ்திரேலியச் சுற்றுலா விளம்பரமே "வேர் த பிளடி ஹெல் ஆர் யூ" என்றுதான் கேட்டது, பிரிட்டன் டிவியில் முதலில் அனுமதிக்கவில்லை, அப்புறம் விட்டார்கள்.

பதில் 2:
'பக்கர்' (bugger) என்ற வசவின் கதை இன்னும் தமாஷ். மூலப் பொருள் படு ஆபாசம். ஆனால் 1999-ல் நியூசிலாந்தில் டொயோட்டா ஹைலக்ஸ் என்ற பிக்கப் வண்டியின் விளம்பரம் ஒன்றில் கிட்டத்தட்ட மொத்த வசனமும் அதுதான், கடைசியில் வண்டிமேல் தாவி ஏறப் பார்த்துச் சேற்றில் விழும் நாய்கூட அதையே சொல்லும். புகார்கள் குவிந்தன, எடுபடவில்லை.

பதில் 3:
நாடு மாறினால் எல்லாச் சொல்லும் லேசாகிவிடும் என்று நினைக்காதீர்கள், சிலது கடுமையாகவும் ஆகும். 'ஸ்பாஸ்' (spaz) அமெரிக்கர்களுக்குச் சும்மா 'தடுமாறி' என்பது போல, பிரிட்டனில் அது மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் சொல். 2006-ல் அமெரிக்க கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் தன்னையே அப்படிச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. இடுப்பில் கட்டும் 'ஃபேனி பேக்'கை லண்டனில் 'பம் பேக்' என்று கேளுங்கள், காரணத்தை இங்கே எழுத மாட்டேன்.

கேள்வி கேட்டவர்:
சரி, நானும் பிளடி போடலாமா?

பதில் 1:
நண்பர்களிடம் போடுங்கள். கிளையன்ட் மீட்டிங்கில் வேண்டாம்.