மின்னணு சஸ்பென்ஷனின் வேறுபாடு ஓட்டுபவருக்குத் தெரிகிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலில் வசிக்கும் நான் பழைய டுகாட்டி மல்டிஸ்ட்ராடா 1200 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். கையால் திருகிச் சரிசெய்யும் சஸ்பென்ஷன் கொண்ட வண்டியைவிட மின்னணு சஸ்பென்ஷன் கொண்ட எஸ் வகைக்கு விலை மிகுதி என்பதால் தயங்குகிறேன்.

2004இல் பி.எம்.டபிள்யூ கே1200எஸ் வண்டியில் வந்த மின்னணு அமைப்பு, பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தையும் (சுமைக்கேற்ப ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) டேம்பிங்கையும் (ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் தன்மை) மாற்றியது. 2012இல் அதே நிறுவனத்தின் எச்பி4 வண்டியில் வந்ததோ, ஓடும்போதே சென்சார்களின் துணையுடன் டேம்பிங்கைத் தானாக மாற்றியது. மனைவியும் பைகளும் ஏறும்போது முன்னழுத்தத்தை உடனே கூட்ட முடிவது உண்மையான வசதி என்றே நான் கருதுகிறேன். ஆனால் தானாக மாறும் டேம்பிங்கை, குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் வளைவுகளில் மிதமான வேகத்தில் செல்லும் என்னைப் போன்றவர் உணர முடியுமா, அல்லது நம் எடைக்கேற்ப ஒருமுறை சரியாக அமைத்த சாதாரண சஸ்பென்ஷனே போதுமா?

இரண்டையும் ஓட்டியவர்கள் அன்புகூர்ந்து விரிவாக எழுதுங்கள். கடற்காற்றின் உப்பு படியும் நம் மாவட்டத்தில் சென்சார்களும் வயர் இணைப்புகளும் நெடுநாள் தாங்குகின்றனவா, ஆயில் கசிந்தால் அந்த ஷாக் அப்சார்பரைப் பழுதுபார்க்க இயலுமா, முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.