கொரோனா காலத்தில் கேட்ட மெடிக்கல் பாட்காஸ்ட்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மயக்கவியல் மருத்துவர், தென்மாவட்டம்:

2020 மார்ச்சில் நான் பிஜி படித்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் இந்த நோய் இல்லை. ஜர்னலில் வந்து குவிவதைப் படிக்க நேரமும் இல்லை. பைக்கை விட்டுவிட்டு வார்டுக்கு நடக்கும்போது காதில் விழுந்ததுதான் வகுப்பு. ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ ஜர்னலின் பாட்காஸ்டில் அதன் அப்போதைய ஆசிரியர் ஹோவர்ட் பாக்னர், இத்தாலியின் மிலான் ஐசியு மருத்துவர் மவுரிசியோ செக்கோனியைப் பேட்டி எடுத்தார். அப்போது நம்மூரில் ஊரடங்குகூட வரவில்லை. அடுத்து நமக்குத்தான் என்று அதைக் கேட்டபோதுதான் உறைத்தது.

இப்போது சொல்ல வந்த விஷயம். ஜூலையில் ஒரு நோயாளி, ஐம்பது வயது இருக்கும். ரிசர்வாயர் மாஸ்க்கில் (பை வைத்த ஆக்சிஜன் மாஸ்க்) சாச்சுரேஷன், அதாவது ரத்த ஆக்சிஜன் அளவு, 84 சதவீதம்தான். ஆனால் ஆள் மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். சீனியர் ஒருவர், மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்துவிடலாம் என்றார். "எம்கிரிட்லயே சொன்னாங்கப்பா, லேட் பண்ணக் கூடாது." எம்கிரிட் என்பது அவசர, தீவிர சிகிச்சை பற்றிய பாட்காஸ்ட்; அவர் கேட்டிருந்தது அதன் மார்ச் மாத எபிசோட். கிருமி காற்றில் பரவும் என்ற பயத்தில், சீக்கிரமே டியூப் போடுங்கள் என்று அன்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான். ஏப்ரலிலேயே அந்தப் பேச்சு மாறிவிட்டது: முழித்திருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்க வையுங்கள், எண்ணைப் பார்த்து அவசரப்படாதீர்கள் என்று. "சார், அதே ஆட்கள் இப்போ வேற சொல்றாங்க சார்" என்றேன். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. குப்புறப் படுக்க வைத்தோம். அரை மணி நேரத்தில் 92. ராத்திரி தயிர்சாதம் கேட்டார்.

ஆகவே எபிசோடின் தலைப்புக்கு முன் தேதியைப் பாருங்கள். எம்கிரிட் தளத்தில் ஜோஷ் ஃபார்கஸ் எழுதிய கோவிட் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். எழுத்தில் அது முடியும். ஒலிக்கோப்பு பதிவானபடியே கிடக்கும், யாரோ ஒருவர் நாலு மாதம் கழித்துப் புதிதாகக் கேட்பார்.

என்எச்எஸ் (பிரிட்டன் அரசு மருத்துவச் சேவை) மருத்துவர், பர்மிங்காம்:

அண்ணா சொன்ன தேதி விஷயம் சரி. எனக்கு நடந்தது வேறு மாதிரி. 2020 ஜூன் 16 அன்று ரெக்கவரி என்ற பிரிட்டிஷ் கோவிட் மருந்து ஆய்விலிருந்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பற்றிய முடிவு வந்தது, முதலில் வெறும் பத்திரிகைக் குறிப்பாகத்தான். அன்றே இங்கே கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

காரில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் அந்தக் கடைசி வரி பத்து விநாடிகூட வராது. 2021 மேயில் ஊரிலிருந்து சித்தி போன் செய்தார். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டாம் நாள், சாச்சுரேஷன் 98, சர்க்கரை நோயாளி வேறு. டெக்ஸா ஆரம்பித்தாயிற்று! எழுதிக் கொடுத்தவர் எதைக் கேட்டார், எதைப் படித்தார் என்று எனக்குத் தெரியாது. "சித்தி, அதை உடனே நிறுத்தலாமான்னு அவர்கிட்டயே கேளுங்க, சர்க்கரையைப் பாருங்க" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு எடுக்கும் சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடித்த கருப்புப் பூஞ்சை பரவிக்கொண்டிருந்த மாதம் அது.

டியூட்டி டாக்டர், தாலுகா மருத்துவமனை:

நியூயார்க் எபிசோடுகளில் வென்டிலேட்டர் போதாது என்பதே பெரிய பேச்சு. இரண்டாம் அலையில் எங்களுக்கு ஆக்சிஜனே போதவில்லை. மூக்கு வழியாக அதிவேகத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் ஹைஃப்ளோ கருவியைப் புகழாத பாட்காஸ்ட் இல்லை, எங்களிடமும் ஒன்று இருந்தது. முழு ஆக்சிஜனில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வைத்தால் மணிக்கு 3,600. ஜம்போ சிலிண்டரில் இருப்பதே 7,000 லிட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம் தாங்காது. அதே சிலிண்டரை 10 லிட்டர் மாஸ்க்கில் போட்டால் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இந்தக் கணக்கை ஒரு பழைய டெக்னீஷியன் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் போட்டுக் காட்டினார். ஹைஃப்ளோ மூலையில் நின்றது.

இறுதியாண்டு மாணவி (அப்போது):

காலேஜ் மூடிக் கிடந்தது, கிளினிக்ஸ் (வார்டில் நடக்கும் வகுப்பு) இல்லை. வைராலஜிஸ்ட் வின்சென்ட் ராகனியெல்லோ நடத்தும், வைரஸ்கள் பற்றிய ட்விவ் பாட்காஸ்ட் கேட்டேன். ஒரு எபிசோடே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், பாதி புரியாது. தொற்றுநோய் மருத்துவர் டேனியல் கிரிஃபின் வந்து நோயாளிகளைப் பற்றிப் பேசும் பகுதிதான் எனக்கு ஒத்து வந்தது. தெரியாததைத் தெரியாது என்று பெரியவர்கள் சொல்வதை அதில்தான் முதலில் கேட்டேன், வைவாவில் (வாய்மொழித் தேர்வு) அப்படிச் சொன்னால் தொலைந்தோம்.

ஐசியு ஸ்டாஃப் நர்ஸ்:

எல்லாம் டாக்டர்களுக்காகப் பேசியது. டியூப் போட்ட நோயாளியைக் குப்புறப் போட்டு 16 மணி நேரம் வைக்கணும் சிஸ்டர், கேட்டேன் என்று ஒரு பிஜி ஓடி வந்தார். திருப்ப எத்தனை பேர் வேண்டும் என்று சொன்னார்களா, கன்னத்தில் புண் வராமல் எப்படி என்று சொன்னார்களா என்று கேட்டேன். முழித்தார். அன்று ஷிஃப்ட்டில் நாங்கள் மூன்று பேர். கடைசியில் அவரும் தலைப்பக்கம் நின்று டியூபைப் பிடித்துக்கொண்டார். நெற்றிக்கும் தாடைக்கும் பஞ்சு வைத்து, இரண்டு மணிக்கொரு தரம் முகத்தை மாற்றித் திருப்பினோம். கேட்டுக் கற்கிற வேலை இல்லை இது, கூட நின்று பார்க்க வேண்டும். இதற்கும் யாராவது பாட்காஸ்ட் போட்டிருந்தால் லிங்க் கொடுங்கள், பார்ப்போம்.