பீட்மேட்சிங்குக்கும் சிங்க்குக்கும் ஒரே சொல் போதுமா? வியாழனுக்குள் பதில் தேவை

சூரமங்கலம், திங்கள் இரவு

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

வரும் சனி, ஞாயிறு ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் கல்லூரி மாணவர்களுக்கு டிஜே வகுப்பு எடுக்கிறேன். பாடம், டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு நடன இசையில் ஒரு பாட்டு தீருமுன் அடுத்ததை அதோடு கலப்பது. முதல் நாள் வினைல் தட்டில், மறுநாள் டிஜிட்டல் கருவியில். தமிழில் ஒரு கையேடு எழுதி முடித்துவிட்டேன். வியாழன் மாலைக்குள் அச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டும். ஒரே ஒரு இடத்தில் நிற்கிறேன்.

டிரம் அண்ட் பேஸ் பாட்டு நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வரை ஓடும். 174 என்பது இப்போதைய வழக்கமான கணக்கு. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஓடுகிற பாட்டு 174, அடுத்து விடப்போகிற பாட்டு 172 என்றால், சேர்த்து விட்ட 15 நொடியில் இரண்டும் அரை அடி விலகிவிடும். இதன் டிரம் விழும் இடைவெளியில் அதன் டிரம் விழும். ஆடுகிறவர்களுக்குக் கால் எங்கே வைப்பதென்று தெரியாது. ஆகவே இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, முதலடியின் மேல் முதலடி வந்து உட்காரும்படி செய்கிறோம். இதுதான் பீட்மேட்சிங்.

வினைலில் இதைச் செய்வது காது. ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் கூடத்துச் சத்தம். டெக்னிக்ஸ் 1200 எம்கே2 என்ற இசைத்தட்டுச் சுழலியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் 8 சதவீதம் இடம் உண்டு. அதற்கான தள்ளுகட்டையை மயிரிழை நகர்த்தி, சுழலும் விளிம்பில் விரலை ஒற்றி, மறுபடி கேட்டு, மறுபடி நகர்த்தி... எனக்குக் கைவர எட்டு மாதம் ஆனது. டிஜிட்டல் கருவியில் வேகம் எண்ணாகவே திரையில் தெரியும். சிங்க் பொத்தானை அமுக்கினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

வரைவில் இரண்டுக்குமே 'ஒத்திசைவு' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவி ஒருத்தி, "அண்ணா, ஒத்திசைவு பொத்தான்லயே இருக்குன்னா சனிக்கிழமை முழுக்க எதுக்குப் பழகணும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. நான் எழுதிய சொல்தான் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது. எனக்கு இரண்டு சொல் வேண்டும்.

குகை, திங்கள் நள்ளிரவு

தோழர், கைப்பேசிச் செயலிகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. சிங்க் என்பதற்கு 'ஒத்திசைவு' கைப்பேசிகளில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதைத் தொட வேண்டாம். பீட்மேட்சிங்குக்குத் 'தாளப்பொருத்தம்' என்று போடுங்கள். கேட்டதும் புரியும். வேலை முடிந்தது.

அஸ்தம்பட்டி, செவ்வாய் காலை

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. அதை இரவோடு இரவாக முடித்துவைக்க வேண்டிய அவசரம் என்ன?

சிங்க் பொத்தானை அமுக்கினால் நடப்பது என்ன என்று என் பேரனிடம் கேட்டேன். ஒரு தட்டு தலைமை ஏற்கிறது, மற்றது அதன் வேகத்தைப் பின்பற்றுகிறது என்றான். அப்படியானால் இதற்குச் சொல் தேடவே வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் கிடக்கிறது. 'குழல்வழி நின்றது யாழே, யாழ்வழித் தண்ணுமை நின்றது தகவே.' ஒன்று முன்செல்ல மற்றது அதன் வழி நிற்பது. ஆகவே சிங்க் என்பது வழிநிற்றல். கருவி செய்வது வழிநிறுத்தல்.

அடுத்து, 'தாளம்' என்ற சொல்லைக் கேட்டதும் யாராவது வடமொழி என்று கிளம்புவீர்கள். தாள் என்றால் அடி, கால். காலால் தட்டிக் காத்தது தாளம். நீங்கள் 'நிமிடத்துக்கு 174 அடி' என்று எழுதும்போது அதே சொல்லைத்தான் வேறு உருவத்தில் எழுதுகிறீர்கள். இது என் துணிபு. மறுப்பவர்கள் சான்றோடு மறுக்கலாம். ஆனால் 'லயம்' வேண்டாம்.

ஆத்தூர், செவ்வாய் மதியம்

ஐயாவுக்கு வணக்கம். நான் தவில் வாசிக்கிறவன். ஏட்டுத்தமிழ் எனக்கு அவ்வளவு வராது. ஆனால் 'ஒத்திசைவு' என்று பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் கச்சேரியில் ஒத்து என்று தனியாக ஒரு குழல் உண்டு. நாகசுரத்துக்குப் பின்னால் விடாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருக்கும். அது பிடிப்பது சுருதியை. தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தாளத்தைக் காப்பவர் சிங்கி போடுகிறவர். ஆக, ஒத்து என்ற சொல்லைக் கேட்டால் இசைக்காரன் காதில் விழுவது சுருதி. வேகத்துக்கு எங்களிடம் காலப்பிரமாணம் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் தட்டு. 'தட்டுப்பொருத்தம்' என்று வைத்தால் என்ன?

தம்பி ஒரு பாட்டு அனுப்பியிருந்தார், கேட்டேன். சதுஸ்ரம்தான், நான்கு நான்காக எண்ணும் கணக்கு. ஆனால் நடுவே அடிகளை வெட்டித் திருப்பிப் போட்டிருக்கும் விதம் நன்றாக இருக்கிறது. யார் வாசித்தது?

சூரமங்கலம், செவ்வாய் இரவு

ஆத்தூர் அண்ணா, அதை வாசித்தவர் கிரெகரி கோல்மன், வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் டிரம் கலைஞர். 1969இல் வெளிவந்த தட்டு. அதில் ஏறக்குறைய ஏழு நொடி ஓடும் ஒரு தனி ஆவர்த்தனம். இருபது ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் அதை வேகமேற்றி, துண்டுதுண்டாக நறுக்கி, வேறு வரிசையில் கோத்தார்கள். ஜங்கிள் என்ற இசைவகையும் அதிலிருந்து வளர்ந்த டிரம் அண்ட் பேஸும் பெரிய அளவுக்கு அந்த ஏழு நொடியின் மேல்தான் நிற்கின்றன.

தட்டு எனக்குப் பிடித்த சொல். ஆனால் இசைத்தட்டும் தட்டுத்தானே. 'தட்டில் தட்டைப் பொருத்து' என்று கையேட்டில் எழுதினால் மாணவர்கள் ரெக்கார்டை எடுத்து வைப்பார்கள்.

காலப்பிரமாணமும் பாதியைத்தான் சொல்கிறது. வேகம் ஒன்றாகிவிட்டாலும் முதலடி அரை அடி தள்ளி விழுந்தால் எல்லாம் பாழ். அந்த இரண்டாவது பாதிக்கு ஒரு சொல் இருக்கிறதா அண்ணா?

ஆத்தூர், செவ்வாய் இரவு

எடுப்பு. பாட்டு தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அது எடுப்பு. நீங்கள் கேட்பது சம எடுப்பு, தாளத்தின் முதலடியிலேயே பாட்டும் தொடங்குவது.

சூரமங்கலம், செவ்வாய் இரவு

இதைத்தான் இத்தனை நாள் தேடினேன். கையேட்டில் ஏற்றிவிட்டேன், நன்றி அண்ணா.

அம்மாபேட்டை, புதன் காலை

எல்லாரும் இசைக்குள்ளேயே தேடுகிறீர்கள். எங்கள் வீட்டுத் தறியில் இந்த வேலைக்குப் பேர் இருக்கிறது.

தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீரப்போகும்போது அதை அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். பழைய பாவின் கடைசி இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை, விரலில் சாம்பல் தொட்டு, முறுக்கிப் பிணைப்பார்கள். பட்டென்றால் ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை இடம் மாறினாலும் துணியில் கோடு விழும். என் அம்மா நாள் முழுக்கக் குனிந்து பிணைத்ததைப் பார்த்து வளர்ந்தேன். ஒரு பாட்டு தீருமுன்னே அடுத்ததை அதனோடு சேர்ப்பது பிணைத்தல்தானே? மிக்சிங் என்பதற்குக் 'கலத்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள். கலந்தால் எது எதுவென்று தெரியாது, சாம்பார் மாதிரி. பிணைத்தால் இரண்டும் இருக்கும்.

அப்புறம், நீங்கள் கேட்ட இரண்டு சொல்லும் சேலத்துத் தெருவிலேயே கிடக்கின்றன. கைத்தறி, விசைத்தறி. காதும் விரலும் செய்தால் கைப்பொருத்தம். பொத்தான் செய்தால் விசைப்பொருத்தம்.

அஸ்தம்பட்டி, புதன் காலை

அம்மா, உங்கள் மடலைப் படித்ததும் புத்தகத்தைத் தேடி எடுத்துவிட்டேன். அதே அரங்கேற்று காதையில் 'பிண்டியும் பிணையலும்' என்று வருகிறது. ஒற்றைக் கையால் காட்டும் முத்திரை பிண்டி. இரண்டு கையும் சேர்ந்து காட்டுவது பிணையல். இந்தத் தம்பியின் முன்னால் இருப்பவை இரண்டு தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல்லை நாமாக உண்டாக்க முடியாது. மிக்ஸ் என்பது பிணையல்.

'அடி' வேண்டாம் என்பவர்களுக்கு 'துடி' என்றும் ஒன்று சொல்லிவைக்கிறேன். துடி பாலை நிலத்துப் பறை. அதை அடிப்பவன் துடியன். நெஞ்சு துடிப்பதும் அதே வேர் என்பது என் எண்ணம். நிமிடத்துக்கு 174 துடி என்று சொல்லிப் பாருங்கள், இசையின் தன்மையே அதில் தெரியும்.

குகை, புதன் மாலை

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். 'பிணை' என்று தேடினால் இன்று வருவது ஜாமீன். 'முன்பிணை கோரி மனு' என்று நாளிதழில் தினமும் படிக்கிற பையனிடம் போய்ப் பிணையல் என்றால் இசை ஞாபகம் வராது. நாம் சொல் ஆக்குவது இப்போது படிக்கிறவர்களுக்காக. பத்து சொல்லில் ஒன்பது புரிந்தால்தான் பத்தாவதைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இருக்கும்.

விசைப்பொருத்தத்தில் உண்மையாகவே ஒரு பிழையும் இருக்கிறது. வினைல் தட்டு கையாலா சுற்றுகிறது? டெக்னிக்ஸ் 1200 முதலில் வந்த 1972இலிருந்தே நேரடி மோட்டார்தான். அதுவும் விசைதான். இதைக் கைத்தறி என்றும் அதை விசைத்தறி என்றும் பிரித்தால் ஒன்று உயர்ந்தது, மற்றது மட்டம் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சூரமங்கலம், புதன் இரவு

குகைத் தோழர் சொன்ன கடைசி விஷயத்தை நானும் யோசித்தேன். டிஜிட்டலை மட்டம் தட்டுவது என் நோக்கமே இல்லை. வினைலில் வேகம் கூட்டினால் சுருதியும் ஏறும். 8 சதவீதம் ஏற்றினால் ஓர் அரைச்சுரத்துக்கும் மேலே போய்விடும். டிஜிட்டலில் சுருதியைப் பூட்டிவிட்டு வேகத்தை மட்டும் மாற்றலாம். மூன்றாவது பாட்டையும் கூட ஓடவிட்டு, இரண்டு பாட்டின் உச்சமும் ஒரே அடியில் விழும்படி வைக்கலாம். ஆண்டி சி போன்ற டிரம் அண்ட் பேஸ் டிஜேக்கள் இதையெல்லாம் வினைலிலேயே செய்தவர்கள். அவர்கள் அளவுக்குப் போக முடியாதவர்களுக்குத் திரை பெரிய துணை.

ஆனால் மோட்டார் தட்டைச் சுழற்றுகிறதே தவிர, பொருத்துவதில்லை. பொருத்துவது யார் என்பதுதான் என் கேள்வி. வினைலில் ஒரு நிமிடம் கவனம் சிதறினால் இரண்டும் நழுவும். மையத் துளையின் சிறு கோணல் கூட இழுத்துவிடும். பொருத்தியது பொருத்தியபடி நிற்காது. கலக்கும் நேரம் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 174 வேகத்தில், நான்கு அடிக்கு ஓர் ஆவர்த்தமாக 32 ஆவர்த்தம் என்றால் 44 நொடி. அந்த 44 நொடியில் ஒரு பாட்டின் பேஸை, அதாவது அடித்தள ஒலியை, இறக்கி மற்றதன் பேஸை ஏற்றவும் வேண்டும். இரண்டு பேஸும் ஒன்றாக ஓடினால் வெறும் உறுமல்தான் மிஞ்சும். இந்தப் பிடிப்பு சொல்லுக்குள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏற்காடு, வியாழன் காலை

சொற்சண்டைக்கு நடுவே ஒரு வீட்டுச் செய்தி. கூடத்துத் தரை பலகைத் தரை. நேற்று ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தோம். பேஸ் ஏறியதும் பலகை அதிர்ந்து, ஊசி அந்த அதிர்வையும் எடுத்து, மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பி, ஊளையிட ஆரம்பித்துவிட்டது. தட்டுகளுக்கு அடியில் கனமான கடப்பைக்கல் போட்டால் அடங்கும் என்கிறார்கள். சேலத்திலிருந்து மேலே வருகிற யாராவது இரண்டு பலகை கொண்டுவர முடியுமா? இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, இறுக்கிக் கட்டிக் கொண்டுவாருங்கள். இந்த ஊளைக்குப் 'பின்னூட்டம்' என்று கையேட்டில் போடாதீர்கள், பிள்ளைகள் கருத்துப்பெட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஊளை என்றே சொல்கிறோம்.

சொல் பற்றிக் கேட்டால், 'காதால் பொருத்துவது', 'பொத்தானால் பொருத்துவது'. அவ்வளவுதான்.

சூரமங்கலம், வியாழன் பிற்பகல்

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். அனுப்பிவிட்டேன். போனது இதுதான்.

பீட்மேட்சிங் தாளப்பொருத்தம் ஆகிவிட்டது. ஆறு பேரில் நான்கு பேருக்கு அதில் மறுப்பில்லை, மாணவர்களுக்கும் சொல்லிப் பார்த்தேன், உடனே புரிந்தது. சிங்க் என்பதை சிங்க் என்றே விட்டுவிட்டேன். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'ஒரு தட்டு மற்றதன் வழி நிற்பது' என்று ஐயாவின் விளக்கம் இருக்கிறது. ஆத்தூர் அண்ணா சொன்ன காரணத்தால் ஒத்திசைவை முழுதாக எடுத்துவிட்டேன். எடுப்பு, ஊளை இரண்டும் உள்ளே. மிக்சிங் வரும் இடமெல்லாம் பிணைத்தல். அதில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. அம்மாபேட்டை மடலைப் படித்த பிறகு 'கலத்தல்' என்று எழுதக் கை வரவில்லை.

கடப்பைக்கல் நான் கொண்டுவருகிறேன்.

குகை, வியாழன் மாலை

பிணைத்தலை ஏற்கவில்லை. ஆனால் வினையாக இருக்கும்வரை தாங்கும். 'பிணையல்' என்று பெயராக்கினால் மறுபடி வருவேன்.

அஸ்தம்பட்டி, வியாழன் இரவு

வழிநிற்றலை ஒரு விளக்கவரிக்குள் அடக்கிவிட்டீர்கள். சொல்லாக நிறுத்தியிருக்கலாம். அடுத்த பதிப்புக்குள் தாள், தாளம் பற்றித் தனியே விரிவாக எழுதுகிறேன்.

அம்மாபேட்டை, வெள்ளி காலை

பிணைத்தலுக்கு மகிழ்ச்சி. தாளப்பொருத்தத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

விசைத்தறி வருமுன் கைத்தறி என்று பிரித்துச் சொல்லத் தேவையே இல்லை. எல்லாம் வெறும் தறிதான். விசைத்தறி வந்த பிறகு இதற்கு முன்னால் 'கை' சேர்ந்தது. அப்படி ஒரு தனிப் பெயர் இருந்ததால்தான் 1985இல் இன்னின்ன துணி கைத்தறிக்கு மட்டும் என்று சட்டம் போட முடிந்தது. பெயர் பிரியாமல் இருந்திருந்தால் எதற்கென்று ஒதுக்குவார்கள்? நீங்கள் கையால் செய்வதற்குத் தாளப்பொருத்தம் என்று பொதுப்பெயர் வைத்துவிட்டீர்கள். இன்னும் ஐந்து வருடத்தில் பொத்தானை அமுக்குகிறவர்களும் தாளப்பொருத்தம் செய்தேன் என்பார்கள். அன்றைக்கு அந்த மாணவி கேட்ட கேள்வி திரும்ப வரும்.

நாளை காலை முதல் பேருந்தில் வருகிறேன். என் பிரதியில் அந்த இடத்தில் மட்டும் 'கைப்பொருத்தம்' என்று பேனாவால் எழுதிக்கொள்வேன்.