அம்மை போட்ட பிள்ளைக்கு மருந்து கொடுக்கலாமா, கூடாதா?

வாடிப்பட்டி அப்பா:
மூத்தவளுக்கு ஏழு வயது. முந்தாநாள் வயிற்றில் இரண்டு முத்து, இன்று காலை எண்ண முடியவில்லை. காய்ச்சல் 101. மாமியார் வாசலில் வேப்பிலை செருகிவிட்டார், அடுப்படியில் தாளிப்புச் சத்தமே இல்லை. மருந்து கொடுத்தால் முத்து உள்ளே இறங்கிவிடுமாம். நண்பரோ அம்மைக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையைக் கொடு என்கிறார். சின்னவனுக்கு மூன்று வயது. இரண்டு பேருக்குமே சின்னம்மைத் தடுப்பூசி போடவில்லை.

தெப்பக்குளத்தான்:
பயப்படாதீர்கள் தம்பி. எங்கள் வீட்டில் நாலு பிள்ளைகளுக்கும் வந்தது. வேப்பங்கொத்தால் வருடிவிட்டோம், இளநீர் கொடுத்தோம், முத்து காய்ந்ததும் தலைக்கு ஊற்றினோம். கோயிலுக்கு மாவிளக்கு, முடிந்தது. தானாகப் போகிறதற்கு எதற்கு மாத்திரை?

ஆரப்பாளையம் அம்மா:
அப்படித்தான் நானும் சும்மா இருந்தேன் அண்ணே. ஆறாம் நாள் மகனுக்குக் காதுக்குக் கீழே, சொறிந்த இடம் எலுமிச்சம்பழம் அளவு வீங்கிக் கொதித்தது. விட்ட காய்ச்சல் திரும்ப வந்தது. நகத்து அழுக்கில் கிருமி ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. ஐந்து நாள் ஊசி. முத்து உள்ளே இறங்கும் என்ற பயத்தில்தான் டாக்டரிடம் போகாமல் இருந்தேன்.

தெப்பக்குளத்தான்:
அது சொறிந்ததால் வந்தது. மாத்திரை கொடுத்திருந்தால் சொறியாமல் இருந்திருப்பானா?

வார்டு அக்கா:
குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் நான். அண்ணன் சொல்வது பாதி சரி. பன்னிரண்டு வயது வரை, வேறு நோய் இல்லாத பிள்ளைக்கு அசைக்ளோவிர் கட்டாயமில்லை. கொடுத்தாலும் முதல் முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பெண்ணுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும். இபுப்ரோஃபென்னும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, நடையில் தள்ளாடினாலோ, எழுப்பியும் முழிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.
நான் கவலைப்படுவது சின்னவனைப் பற்றி. ஒரே வீட்டில் இரண்டாவதாக வருகிற பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் முத்து அள்ளிப் போடும். தொற்று பட்டு மூன்று, அதிகம் போனால் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டால் தடுக்கலாம், வந்தாலும் லேசாக வரும். அரசு அட்டவணையில் இல்லை, தனியாரில்தான் காசு கொடுத்துப் போட வேண்டும். இன்றே போங்கள்.

தெப்பக்குளத்தான்:
ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டில் ஊசியா? குத்தம் அக்கா.

வார்டு அக்கா:
ஊசி அம்மை வராத பிள்ளைக்குத்தானே அண்ணே. வாசல் வேப்பிலை அப்படியே இருக்கட்டும். மாசமாக இருக்கிறவர்கள் உள்ளே வராமல் திரும்பிப் போக அதைவிட நல்ல போர்டு கிடையாது. ஆனால் தலைக்கு ஊற்றும்வரை குளிக்கவே விடாமல் வைப்பதுதான் எனக்கு ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் அரிப்பு அடங்கும். நகத்தையும் ஒட்ட வெட்டுங்கள்.

வாடிப்பட்டி அப்பா:
சின்னவனுக்குச் சாயங்காலமே போட்டாயிற்று. பெண் என் பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்குகிறாள். சின்னவன் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்து மாமியார் என்ன என்றார். கொசுக்கடி என்றேன். நம்பவில்லை, ஆனால் வேப்பங்கொத்தை எடுத்து அந்த இடத்தையும் ஒருமுறை வருடிவிட்டார்.