பொருள்: பிரசன்டேஷனுக்கு ஒரு சொல், வியாழன் காலைக்குள்

சிம்மக்கல்:
நண்பர்களே, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். வங்கி அதிகாரி, மொத்த வியாபாரி முன்னால் பத்து நிமிடத்தில் தொழிலை எப்படிச் சொல்வது என்பதுதான் பொருள். வியாழன் காலை அச்சகத்துக்குப் போகவேண்டும். 'விளக்கக்காட்சி' என்று போட்டிருந்தேன். குழுத் தலைவி படித்துவிட்டு, "பகல் காட்சியா, இரவுக் காட்சியா?" என்று கேட்டுவிட்டார். 'எடுத்துரை' என்று மாற்றலாமா, வேறு நல்ல சொல் உண்டா?

திருநகர்:
வள்ளுவர் வீட்டிலேயே சொல் இருக்க, வெளியில் ஏன் தேடுகிறீர்கள்? சொல்வன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள்: 'இணரூழ்த்தும் நாறா மலரனையர் கற்றது உணர விரித்துரையா தார்.' கொத்தாகப் பூத்தும் மணக்காத பூ. மல்லிகைக்கு 2013இல் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இதற்கு உரை வேண்டியதில்லை. ஆகவே 'விரித்துரை'. விரி என்னும் வேரை விடாதீர்கள். விரிசல், விரிப்பு மட்டுமல்ல, விரல்கூட விரிவதால் வந்த பெயர் என்பது என் நெடுநாள் கருத்து.

மேலூர்:
ஐயா, விரித்துரை என்றதும் விரிவுரைதான் நினைவுக்கு வருகிறது. விரிவுரை என்றதும் கொட்டாவி. நன்னூல் சொல்லும் பத்து அழகில் முதலாவது 'சுருங்கச் சொல்லல்'. பத்துக் குற்றத்தில் ஒன்று 'மற்றொன்று விரித்தல்'. (விரல் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.) 'சுருக்குரை' என்போம்.

திருநகர்:
அதே நன்னூலில் முதல் குற்றம் 'குன்றக் கூறல்', தம்பி. மேலும், கடன் கேட்கப் போகும் பெண்ணின் கையில் சுருக்கைக் கொடுக்காதீர்கள்.

கே.கே.நகர்:
ஸ்லைடுக்கு என்ன செய்தீர்கள்? 'வில்லை' என்றால் எனக்குச் சூடவில்லைதான் தெரிகிறது. பழைய படவிளக்கில் கண்ணாடித் தகட்டை நழுவவிட்டதால் வந்த பெயர் அது. 'நழுவம்' பொருந்தும்.

மேலூர்:
நழுவுவது அதிகாரியாக இல்லாதவரை சரி.

திருமங்கலம்:
நான் புலவன் இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் பல வருடம் நின்றவன். உட்கார்ந்தவரிடம் நூல் எத்தனையாம் நம்பர் என்று தொடங்கினால் எழுந்து போய்விடுவார். முதலில் முந்தானையைப் பிரித்து மடியில் போடவேண்டும். நூல் கணக்கு, அவராகக் கேட்கும்போது. இதற்கு நாங்கள் சொல்வது 'எடுத்துப் போடுதல்'. உங்கள் 'எடுத்துரை' அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த அம்மாக்களுக்கும் வாயில் நிற்கும்.

சிம்மக்கல்:
நேற்று ஒத்திகை. ஒருவர் ஸ்லைடில் இருந்த பதினான்கு வரியையும் சுவரைப் பார்த்தே வாசித்தார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. ஒன்பதாவது வரியில் தடுமாறி நின்றார். பிறகு பையிலிருந்து சாயம் காய்ந்த துணியை எடுத்தார். முடிச்சுகள் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தன. இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். நூல்கள் தெறித்து விழ, சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக விரிந்தன. "ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் போடுகிறோம். கூலியை இப்போது சொல்கிறேன்" என்றார். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். திருமங்கலத்தாரின் முந்தானை இதுதான். எடுத்துரை என்றே போடுகிறேன்.

திருநகர்:
நீங்களே 'விரிந்தன' என்று எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? மேலும் 'எடுத்துரை' ஏவல் வினையாக ஒலிக்கிறது. அட்டையைப் பார்ப்பவர், "எதை?" என்று கேட்பார்.

மேலூர்:
'விரித்துரை' மட்டும் ஏவலாகாதா, ஐயா?

கே.கே.நகர்:
எடுத்துரைக்கு என் ஆதரவு. நழுவம் என்ன ஆயிற்று?

சிம்மக்கல்:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. அட்டையில் எடுத்துரை. ஸ்லைடு ஸ்லைடாகவே இருக்கிறது, மன்னிக்கவும். தலைவியிடம் காட்டினேன். "வங்கியில் பேசுவது என்று எழுதினால் போதாதா?" என்றார்.

திருநகர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். இரண்டாம் பதிப்பில் பார்ப்போம். விரல் பற்றிய விளக்கம் தனி மடலில் வருகிறது.